இரண்டு பெரிசு, இரண்டு சிறிசு

மைப்பெட்டியின் மேல் ரப்பர் அச்சை மூன்று தட்டு தட்டுவார் பெரியக்கா. அழுத்தவே மாட்டார். தட்டிய அச்சை நேரே அட்டைக்கும் கொண்டுபோக மாட்டார். முதல் பதிவு எப்போதும் பழைய பில்லின் முதுகில்தான். "முதல் குத்து திமிரா விழும். ரெண்டாவதுதான் அடக்கமா விழும்" என்பார். அடக்கமான அந்த இரண்டாவது குத்தில், நீல அட்டையின் குறுக்கே ஓடும் கிளைமேல் ஒரு பறவை வந்து உட்காரும். அதன்மேல் அதே வடிவில் வெட்டிய ஒட்டுத்தாளை மூடிவிட்டு, பாதி படும்படியாக அடுத்த பறவையைக் குத்துவார். ஒட்டுத்தாளை உரித்தால் இரண்டாவது பறவை முதலாவதின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கும். குளிருக்கு ஒண்டியதுபோலவே இருக்கும்.

நவம்பர் வந்தால் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். மேசை நிறைய மைப்பெட்டிகள், ஓரங்களைக் கருநீலமாக்கப் பஞ்சு, பனி தெளிக்க ஒரு தேய்ந்த பல் துலக்கி. வெள்ளை மையில் அதைத் தோய்த்துக் கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டினால் அட்டை முழுக்கப் பனி. ஈர மையின்மேல் வெள்ளைப் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடான காற்று ஊதும் கருவியைக் காட்டினால் பொடி உருகிப் புடைத்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுத்தை விரலால் தடவியே படிக்கலாம்.

பெரியக்காவின் தொழில் இதுவல்ல. ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் தேய்க்கிறார். வட்ட லென்ஸில் நடுப்புள்ளி குறித்து, ஃப்ரேமின் அளவுக்கு இயந்திரத்தில் ஓரம் தேய்த்துப் பொருத்துகிற வேலை. "அரை மில்லி தள்ளிப்போச்சுன்னா நமக்கு ஒண்ணும் ஆகாது. தலைவலி அவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறையும் அளப்பார். அவர் கையில் போன கண்ணாடி திரும்பி வந்ததாகக் கடையில் யாருக்கும் நினைவில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. வெளியில் சொல்ல மாட்டார், ஆனால் உண்டு.

கார்டிலும் அதே கணக்குத்தான். ஒரு வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பறவை. பெரியவர்களுக்குப் பெரிய அச்சு, பிள்ளைகளுக்குச் சின்ன அச்சு. இதற்கென்றே ஒரு கோடு போட்ட நோட்டு. 'மருந்துக் கடைக்காரர் வீடு, 2 பெ 3 சி. பல் டாக்டர், 1 பெ. மாடி வீட்டு டீச்சர், 3 பெ.' பிள்ளை பிறந்தால் ஒரு சிறிசு கூடும். கல்யாணமாகிப் போனால் இங்கே ஒன்று குறைந்து அங்கே ஒன்று ஏறும். கார்டு கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது எண்ணிப் பார்ப்பதுதான். "எங்களையெல்லாம் மனசுல வெச்சுப் பண்ணியிருக்கீங்களே" என்பார்கள். பெரியக்கா சிரித்துக்கொள்வார்.

இந்த வருடம் யாராவது கார்டுப் பேச்சை எடுத்தால், அவர் எழுந்து லென்ஸ் கழுவப் போய்விடுகிறார்.

கடையின் முன்பக்கம் கவுன்ட்டரில் ஃப்ரேம் எடுத்துக் காட்டுகிறவளை எல்லோரும் சின்னக்கா என்பார்கள். முப்பத்தெட்டு வயது. வருகிறவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சதுரம் வேணாம் சார், மூக்கு கோவிச்சுக்கும்" என்பாள். அவர்களும் கேட்டுக்கொள்வார்கள். இரண்டு மகள்கள், பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு ஆறு. கணவர் எலக்ட்ரீஷியன். தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நிற்பார், உள்ளே வரமாட்டார். டிசம்பர் வந்தால் மட்டும் பின்னறை வரைக்கும் வந்து, "அக்கா, போன வருஷம் எனக்குத் தொப்பை வெச்சுட்டீங்க. இந்த வருஷமாவது குறைங்க" என்று மனுக் கொடுப்பார்.

அவர் ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். வேலைக்குப் போன வீட்டு வாசற்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியது பெரியக்காதான். மூன்று நாள் அந்த வீட்டிலேயே இருந்து பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டதும் அவர்தான். சின்னக்கா ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். வருகிறவர்கள் மூக்கைப் பற்றி அவள் இப்போதெல்லாம் எதுவும் சொல்வதில்லை.

டிசம்பரில் பெரியக்கா அறுபத்திரண்டு கார்டு செய்தார். ஒன்பதே நாளில். ரேடியோ ஓட ஓட, நோட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, வரிசையாகக் குத்தித் தள்ளினார். இரண்டாவது சனிக்கிழமை கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உரியதை எடுத்துப்போய், கடை மூடும் நேரத்தில் ஆளுக்கொரு உறையாகக் கொடுத்தார். சின்னக்கா பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் உறையைப் பிரிக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பள்ளி வேன் ஓட்டி ஓய்வுபெற்ற கணவர் எதிரே உட்கார்ந்து நோட்டைப் படித்து, கொடுத்து முடித்த வீடுகளுக்கு டிக் அடித்தார்.

"முதலாளி வீடு?"

"கொடுத்தாச்சு."

"சின்னக்கா வீடு, ரெண்டு பெரிசு, ரெண்டு சிறிசு?"

"கொடுத்தாச்சு."

அவர் டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். பெரியக்காவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் படிங்க" என்றார்.

படித்தார். இரண்டாம் தடவை அவருக்கும் புரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார்.

"மறதிதானே? யாருக்கும் வரும்" என்றார்.

"மறதியா? அவர் காலைப் பிடிச்சுட்டு ஆஸ்பத்திரியில நின்னவ நான். மருந்துக் கடைக்காரர் அம்மா போனப்போ மறக்காம ஒண்ணு குறைச்சேன். அவங்ககூட நான் பேசினதுகூட இல்ல."

அதுதான் அவரைச் சுட்டது. குத்தும்போது சின்னக்கா முகம் நினைவில் வந்ததா என்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை. யார் முகமும் வரவில்லை. அடுத்தது எத்தனை என்று நோட்டைப் பார்த்ததுதான் நினைவிருந்தது. மனசில் வைத்துப் பண்ணுகிறீர்கள் என்று எல்லோரும் சொன்னதை இத்தனை வருடமாக வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டோமே என்று உடம்பே கூசியது. எத்தனை வருடமாக இப்படி என்றும் அவருக்குத் தெரியவில்லை.

உடனே மேசையில் உட்கார்ந்து புதிதாக ஒரு கார்டு செய்தார். ஒரு பெரிசு, இரண்டு சிறிசு. அறுபத்திரண்டில் ஒன்றுக்கும் காட்டாத பொறுமையை இதற்குக் காட்டினார். ஓரத்து மையை நாலு தடவை ஏற்றினார். பனியை எண்ணித் தெளித்தார் என்றே சொல்லலாம். மை காய்ந்ததும் உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். சின்னக்கா உறையை இன்னும் பிரித்திருக்க மாட்டாள், நைசாக மாற்றிவிடலாம் என்பது நினைப்பு. வழியெல்லாம் திருடப் போகிறவர்போல் வியர்த்தது.

கதவைத் திறந்தது சின்ன மகள். "பெரியம்மா வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃப்ரிட்ஜ்முன் நிறுத்தினாள். கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது கார்டு. நான்கு பறவைகள்.

"இது நான். இது அக்கா. இது அம்மா" என்று விரல் வைத்துக்கொண்டே வந்தவள், கிளையின் நுனியில் இருந்ததைத் தொட்டு, "தொப்பை இருக்குல்ல, அதான் அப்பா" என்றாள்.

சின்னக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஸ்கூல் ஃபாரத்துல அவர் பேரை அடிச்சாச்சு. பேங்க்ல அடிச்சாச்சு. வீட்ல எத்தனை பேருன்னு யார் கேட்டாலும் மூணு மூணுன்னு சொல்லிச் சொல்லி வாய் மரத்துப்போச்சுக்கா. நீங்க ஒருத்தர்தான் நாலு போட்டீங்க. நேத்து பிரிச்சுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அழுதேன். நல்ல அழுகைதான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பெரியக்காவுக்கும் அது தெரியும். வாயைத் திறந்தார். வந்த வார்த்தை, "காபி இருந்தா கொடும்மா" என்பதுதான். குடித்தார். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை கடை முழுக்கச் செய்தி பரவியிருந்தது. முதலாளி ஒரு வாடிக்கையாளரை வைத்துக்கொண்டே, "லென்ஸ் யாரும் தேய்ச்சுடலாம் சார். இந்த மாதிரி மனசு எங்க கிடைக்கும்?" என்றார். அந்த வாடிக்கையாளர் பின்னறைப் பக்கம் திரும்பிக் கும்பிடு வேறு போட்டார். பெரியக்கா இயந்திரத்தைப் போட்டுக்கொண்டார். அந்தச் சத்தத்தில் பாராட்டு காதில் விழாது. வீட்டில் கணவர், "அந்தப் பொண்ணுக்கு நல்லதுதானே நடந்திருக்கு, விட்டுடு" என்றார். விடத்தான் பார்த்தார். செவ்வாய்க்கிழமை முழுதும் பார்த்தார்.

புதன்கிழமை மதியம், பின்னறைத் தரையில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டார். நோட்டைப் பார்த்துக் குத்தியது, அவள் கணவர் முகம்கூட நினைவுக்கு வராதது, ஞாயிற்றுக்கிழமை மாற்றி வைக்க வந்தது, எல்லாம். நம்பமாட்டாளோ என்பதுபோல் பையிலிருந்து அந்த மூன்று பறவைக் கார்டையும் எடுத்து நீட்டினார்.

சின்னக்கா அதை வாங்கிப் பார்த்தாள். அவளும் எண்ணத்தான் செய்தாள்.

"இது ரொம்ப அழகா வந்திருக்கு" என்றாள். "அதைவிட இதை நல்லாப் பண்ணியிருக்கீங்க."

பெரியக்காவுக்குத் தலை நிமிரவில்லை.

"ஏன்க்கா சொன்னீங்க? எனக்காகச் சொன்னீங்களா, உங்களுக்காகச் சொன்னீங்களா?"

"தெரியலம்மா."

"எனக்குத் தெரியுது" என்றாள் சின்னக்கா. குரலை உயர்த்தவில்லை. பாதி சாப்பாட்டோடு டிபன் பாக்ஸை மூடி, கார்டை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு முன்பக்கம் போனாள்.

அப்புறம் அவர்களுக்குள் வேலைப் பேச்சு மட்டுந்தான். "இது வெள்ளிக்கிழமை வேணுமாம்." "சரிம்மா." "இந்த ஃப்ரேம்ல ஆணி லூசா இருக்கு." "பார்க்கிறேன்." கிறிஸ்துமஸ் வந்து போனது. கார்டு போன வீடுகளிலிருந்தெல்லாம் நன்றி சொல்லி ஃபோன் வந்தது. பெரியக்கா பாதிக்கு எடுக்கவில்லை. எடுத்தபோது "சும்மா பொழுதுபோகாம பண்றதுதான்" என்றார். சிலர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் புகழ்ந்தார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில், கடையில் ஆள் இல்லாத ஒரு முற்பகல். சின்னக்கா ஒரு முதியவரின் கண்ணாடியைப் பழுதுக்குக் கொண்டுவந்தாள். மேசைமேல் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"கார்டு அங்கேயேதான் இருக்கு" என்றாள். "எடுத்துடலாம்னு ஒரு நாள் கை வெச்சேன். சின்னது கத்தி ஊரைக் கூட்டிடுச்சு. நீங்க அதை எப்படிப் பண்ணீங்கங்கிறதெல்லாம் அவளுக்கு முக்கியமில்ல."

பெரியக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு எத்தனைன்னு நோட்டைப் பார்க்காதீங்க. நீங்களா கணக்குப் போட்டுக் குறைக்கவும் வேணாம். எங்கிட்ட கேளுங்க. அன்னிக்கு எனக்கு எத்தனை சொல்லத் தோணுதோ சொல்றேன். சில நாள் மூணு தோணுது. சில நாள் நாலுதான் தோணுது."

"கேக்கறேன்மா."

"இப்பவே கேட்டாலும் சொல்லுவேன். அவரைப் பத்தி யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கறதே இல்ல. நீங்களும்தான்."

பெரியக்கா கண்ணாடியைக் கீழே வைத்தார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை அணைத்தார். அந்தப் பின்னறையில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதிலிருந்து எழுந்து, அதன்மேல் தெறித்திருந்த தண்ணீரையும் கண்ணாடித் தூளையும் கைத்துண்டால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, சின்னக்கா பக்கம் திருப்பிப் போட்டார். தான் போய்ச் சுவரோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.