கடப்பாக்கத்துக் கேசரி

பத்து வயதுக்குள் நான் தின்ற கேசரியில் பெரும்பகுதி, என் அத்தைக்குக் கல்யாணம் நடக்காமல் போனதால் கிடைத்தது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. செங்கல்பட்டில் எங்களோடுதான் இருந்தாள். அவளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வரும். அம்மா கேசரி கிளறுவாள். அத்தை பட்டுப்புடவையில் காப்பித் தட்டோடு வந்து நிற்பாள். நின்றதும் காரியம் கெட்டுவிடும். வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் அவள் தோள் வரைக்கும்தான் வந்தார்கள். கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்துகொள்வார்கள். அந்தப் பாதிகள் எனக்கு. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உலகத்து மாப்பிள்ளைகள் எல்லாரும் குள்ளமாகவே இருக்கட்டும் என்று திருப்போரூர் முருகனிடம் வேண்டிக்கொண்டதுகூட உண்டு. என் வேண்டுதல்களில் பலித்தது அது ஒன்றுதான்.

அந்த அத்தை போன மாதம் ஓய்வு பெற்றாள். ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளராகச் சேர்ந்து, வளைந்த வளையம் ஒன்றும் மண் தரையும் மட்டுமே இருந்த மைதானத்திலிருந்து, வைக்க இடமில்லாத அளவுக்குக் கோப்பைகளை வாங்கிக் குவித்தவள். அவள் வீட்டில் ஒரு கோப்பையில் கரண்டிகள் இருக்கின்றன, இன்னொன்றில் குடைகள். ரயில்வேயிலும் போலீசிலும் வங்கியிலும் வேலை பார்க்கும் பழைய மாணவிகள் சேர்ந்து, படூரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துப் பாராட்டு விழா எடுத்தார்கள். மண்டபக்காரர்கள் பழக்க தோஷத்தில் மேடையில் போட்டது மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளை. ஒன்றில் அத்தை உட்கார்ந்தாள். மற்றொன்று காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று யாரோ அதில் ஒரு கோப்பையை வைத்தார்கள்.

மாணவிகள் ஒவ்வொருத்தியாக வந்து பேசினார்கள். அத்தையின் முதல் பாடம் பந்தைப் பற்றியதல்ல, கழுத்தைப் பற்றியது. உயரமான பெண்கள் வீட்டிலிருந்து வரும்போதே குனிந்துதான் வருவார்கள். "ரிங்கு தரையிலயா கீது? மேல பாருடி!" என்பதைத்தான் முதல் மாதம் முழுக்கச் சொல்வாள். மாமல்லபுரம் கடற்கரை மணலில் ஓடவிடுவாள். கோயில் பார்க்க வந்தவர்கள் கோயிலை விட்டுவிட்டு இவர்களைப் படம் எடுப்பார்கள். குடும்ப உயரம் எனக்கும் வந்திருந்ததால் என்னையும் ஒரு வாரம் ஓடவிட்டாள். பிறகு என் தலையைத் தடவி, "நீ நல்லா படி" என்றாள். அதைவிடக் கண்ணியமாக என்னை யாரும் எங்கிருந்தும் வெளியேற்றியதில்லை.

எல்லாரும் தவறாமல் சொன்ன ஒரு கதை உண்டு. அத்தை ஒரு கிராமத்துக்கு ஆட்டக்காரி தேடிப் போனால், தெருமுனையிலேயே நின்று, "கல்யாணத்துக்கு இல்லீங்க, காலேஜுக்கு!" என்று கூவிவிட்டுத்தான் உள்ளே நடப்பாள். போலீஸ்காரியாக இருக்கும் ஒருத்தி அதை அத்தையின் குரலிலேயே கூவிக் காட்டினாள். மண்டபம் குலுங்கியது. அத்தை சிரிக்கவில்லை, மாலையில் உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பத்திரிகைகளில் சிரிக்கும்படி எழுதுகிறேன் என்று ஒரு வதந்தி குடும்பத்தில் உலவுவதால் என்னையும் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். நான் அந்தக் கதையைத் தொடவில்லை. அது எங்கே பிறந்தது என்று தெரிந்தவர்களில் அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. மிச்சம் மேடையில் ஒருத்தி, மைக் முன்னால் ஒருத்தி.

ஆரம்பத்தில் அத்தை தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். கழுத்தில் விசிலோடு வயசுப்பெண் ஒருத்தி வந்து, உங்கள் பெண்ணை என்னோடு அனுப்புங்கள் என்றால் ஊர் என்ன நினைக்கும்? வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஓர் ஊரில், சினிமாவுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று நாயை அவிழ்த்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மதுராந்தகத்தில் நடந்த பள்ளிக்கூடப் போட்டி ஒன்றில் கடப்பாக்கத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பிடாமல் அதையே பேசினாள். "அண்ணா, அது கையே இல்ல, வலை. எங்க போட்டாலும் புடிக்குது. ஒசரம் வேற, என்ன வுட ஜாஸ்தி. அந்தப் பொண்ணு மட்டும் கெடைச்சா போதும்."

அப்பா முறைகளில் நம்பிக்கை உள்ள மனிதர். "வயசுப் பொண்ணு இருக்கற வூட்டுக்கு வெறுங்கைய வீசிகினு போனா எவன் மதிப்பான்? குடும்பமா போவணும். தட்டோட போவணும்" என்றார். அத்தைக்கும் அது சரியாகப் பட்டது. வாடகைக் கார் வந்தது. அப்பா சரிகை வேட்டி, அம்மா பட்டு. பித்தளைத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, ஒரு பந்து மல்லிகை. ராகுகாலம் கழித்துக் கிளம்பினோம். இவ்வளவையும் யோசித்த மனிதருக்கு, அதையெல்லாம் கூட்டினால் என்ன வரும் என்று மட்டும் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் படித்தவர்கள் அதிகம்.

கடப்பாக்கத்தில் கார் நுழைந்ததும் பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். அந்தப் பெண்ணின் அப்பா வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்களையும் தட்டையும் பார்த்தார். எழுந்து தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றார். அம்மா நீட்டிய தட்டைப் பெண்ணின் அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். அவள் கண் நிறைந்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. பின்பக்கமாக யாரோ ஓடும் சத்தம். சற்று நேரத்தில் உள்ளே ரவை வறுக்கிற வாசனை வந்தது. அந்த விஷயத்தில் நான் ஒரு நிபுணி. இந்த வீட்டில் நல்லது நடக்கப் போகிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

அத்தை இருப்புக் கொள்ளாமல், "அண்ணா, விஷயத்த சொல்லிட்றேன்" என்று கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு. வந்ததும் வராததுமா விஷயத்தப் பேசறது மரியாத இல்ல" என்று அடக்கிவிட்டு, அப்பா வலையில் மீன் விழுவதையும் மழையையும் பற்றி விசாரித்தார். பெண்ணின் அப்பாவும் சம்பந்திக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். வாசலில் தெருவே கூடிவிட்டது.

அத்தைக்கு ஏன் அப்போதும் உறைக்கவில்லை என்று பல காலம் யோசித்திருக்கிறேன். அவள் எப்போதும் உள்ளறையில் இருந்தவள். வந்து உட்கார்ந்து பார்க்கிறவர்களின் பக்கம் அவளுக்குப் பழக்கமில்லை.

பிறகு அந்தப் பெண் வந்தாள். கலர் சோடா ஊற்றிய டம்ளர்கள் ஒரு தட்டில். அரக்குப் பட்டுப்புடவை, யாரோ குட்டையானவளுடையது, கணுக்காலுக்கு மேலேயே நின்றது. நாங்கள் கொண்டுபோன மல்லிகை அதற்குள் தலையில் ஏறியிருந்தது. தலை குனிந்து, உயரம் தெரியாமல் இருக்க முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றாள். எங்கள் வீட்டில் அத்தை நிற்பது அச்சாக அப்படித்தான்.

அத்தை எழுந்துவிட்டாள்.

"மாப்ள வர்லீங்களா?" என்று பெண்ணின் அம்மா என் அம்மாவிடம் மெல்லக் கேட்டாள்.

"எந்த மாப்ள?" என்றார் அப்பா.

அதற்கப்புறம் அத்தை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். காலேஜ், கூடைப்பந்து, ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், நானே கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன், படிப்பு முடிந்தால் கவர்மென்ட் வேலை. உள்ளே ரவை தீய்ந்துகொண்டிருந்தது. அதை முதலில் கவனித்தது நான்தான்.

"இன்னாம்மா இது?" என்றார் பெண்ணின் அப்பா. கோபமே இல்லாத குரல். "தட்டு கீது, பூ கீது, சரிக வேட்டி கட்டிகினு வந்துகீறீங்க. பந்து ஆடவா கூப்புட்றீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு மாதிரி ஒரு ஆட்டக்காரிய நான் பாத்ததே இல்ல."

"இருக்கட்டும்மா. ஊரே பாத்துகினு கீது. நாளிக்கி எவன்னா கேட்டா நான் இன்னா சொல்றது? வந்தாங்க, பாத்தாங்க, பூட்டாங்கன்னா?"

வாசலில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "ஒசரம் ஜாஸ்தின்னு வேணாம்ட்டாங்க போல."

அத்தையின் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. "கல்யாணத்துக்கு இல்லீங்க! காலேஜுக்கு! நாங்க வந்தது காலேஜுக்கு!" என்று இரண்டு பக்கமும் திரும்பிக் கூவினாள். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்களும்.

பெண்ணின் அப்பா வெளியே வந்து, "போதும்மா" என்றார். "இப்பவே பாதி ஊருக்குத் தெரிஞ்சிபோச்சி. மீதிக்கு மைக்கு வெக்கணுமா?"

அதற்குள் அந்தப் பெண் பாவாடை தாவணிக்கு மாறியிருந்தாள். மடித்த பட்டுப்புடவையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எதிர்வீட்டில் திருப்பிக் கொடுக்கத் தெருவைக் கடந்தாள். அவ்வளவு பேரும் வழி விட்டு நின்று பார்த்தார்கள். அத்தை குறுக்கே போய், "நீ சொல்லும்மா. நீ வர்றியா?" என்றாள்.

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அத்தையை விட உயரம்தான். "இத மொதல்லயே சொல்லிர்ந்தீங்கன்னா, நான் இந்தப் பொடவய கட்டிர்க்கவே மாட்டேங்க்கா" என்றாள். அப்புறம் எதிர்வீட்டுக்குள் போய்விட்டாள். வெளியே வரவில்லை. அவள் அம்மா, பழமும் தேங்காயும் கலையாமல் தட்டைக் கொண்டுவந்து காரில் வைத்தாள். மல்லிகை மட்டும் இல்லை.

அத்தை பிறகும் விடவில்லை. மூன்று மாதம் கழித்துத் தனியாக, தட்டில்லாமல், பஸ்ஸில் போனாள். பேச்சு பரவுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அந்தப் பெண்ணை மரக்காணம் பக்கம் யாருக்கோ அவசரமாகக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் எத்தனையோ நல்ல ஆட்டக்காரிகள் அத்தைக்குக் கிடைத்தார்கள். தெருமுனையில் கூவிவிட்டுப் போனதால் கிடைத்தார்கள். பெரிய பெரிய ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார்கள். ஆனால் யாராவது கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டால் அத்தை திட்டமாட்டாள், எங்கேயோ பார்ப்பாள். மற்ற தப்புகளுக்கெல்லாம் வாய் கொள்ளாமல் திட்டுகிறவள் இதற்கு மட்டும் ஏன் சும்மா இருக்கிறாள் என்று மாணவிகளுக்கு விளங்கியதில்லை.

அன்றைக்குக் கடப்பாக்கத்திலிருந்து காரில் திரும்பினோம். ஒரு பக்கம் கடல் வந்து வந்து மறைந்தது. தட்டு அம்மாவின் மடியில் இருந்தது. நான் ஒரு பழத்தை எடுக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். செங்கல்பட்டு நெருங்கும்போது முன் சீட்டில் இருந்த அத்தை திரும்பாமலே சொன்னாள்.

"அண்ணா, இனிமே என்னப் பாக்க யாரும் வர வேணாம்."

"அது வேற, இது வேறம்மா" என்றார் அப்பா.

"எல்லாருக்கும் சொல்லிடு. நான் இனிமே தட்டு தூக்கிகினு வந்து நிக்க மாட்டேன்."

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அம்மா என்னை இழுத்து அணைத்து, "பாருங்க, கொழந்தைக்கே எப்டி புரிஞ்சிபோச்சி" என்று தானும் அழுதாள். அத்தையும் திரும்பிக் கையை நீட்டி என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

எனக்குப் புரிந்தது, இனிமேல் எங்கள் வீட்டில் கேசரி கிடையாது என்பது மட்டும்தான்.