லீலாவதி விழுந்தது செவ்வாய்க்கிழமை

கல்யாண வீடுகளில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால், லீலாவதி ஒரு நொடி நிறுத்தி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நான் ஃப்ரீலான்ஸ் பிசியோ" என்பாள். அந்தச் சொல் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து, அரசாங்கக் கல்லூரியில் படித்து, நாற்பது வயதுக்குள் யாருக்கும் கை கட்டி நிற்காத வேலை கிடைத்துவிட்டது என்பதில் அவளுக்குப் பெருமை.

உண்மையில், ரவாங்கில் இருந்த மறுவாழ்வு மையத்துக்கு அவள் காலை எட்டு மணிக்குப் போயாக வேண்டும். மையத்தின் நீலச் சட்டையைத்தான் போட வேண்டும். யார் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்பதை மையம் பட்டியல் போட்டு அனுப்பும். ஒரு நாள் வர முடியாவிட்டால் ஒரு வாரம் முன்னதாகக் கேட்க வேண்டும். முதலாளி ரவீந்திரன் யோசித்துச் சொல்வார். திங்கள் முதல் வெள்ளி வரை இப்படி. சனிக்கிழமை மட்டும் அவளே தேடிக்கொண்ட மூன்று நோயாளிகள், அவள் நேரம், அவள் இஷ்டம்.

அவள் கணவன் தங்கராஜு செரண்டாவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். "எங்க சூப்பர்வைசர்கூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாருலா" என்று ஒருமுறை சொன்னான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மையம் அனுப்பிய நோயாளிகளில் சன்னாசியும் ஒருவர். முப்பது வருடம் தோட்டத்தில் பனைக்குலை லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துபோனது. இரண்டு மாதப் பயிற்சியில் கால் நன்றாகத் தேறியிருந்தது. ஆனால் நாலு கால் வாக்கரை மட்டும் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். விட்டால் விழுந்துவிடுவோம் என்று பயம். லீலாவதி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். அவர் மனைவி சின்னத்தாய், வாக்கரை ஒளித்துவைக்கப் போவதாகவே மிரட்டிவிட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டு வாசலில் அவரை நடக்கவைத்து, அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தாள் லீலாவதி. எங்கிருந்தோ ஒரு கோழி ஓடிவந்து அவள் காலுக்குள் புகுந்தது. தடுமாறி இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் சுரீரென்றது. கண்ணைத் திறந்தபோது சன்னாசி அவள் பக்கத்தில் குனிந்து நின்று, "மிஸ்ஸி, கைய குடுங்க" என்றார். வாக்கர் தூரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

வலியில் உயிர் போனாலும் லீலாவதி கண்ணால் தூரத்தை அளந்துவிட்டாள். "ஐயா, நாலு எட்டு வச்சிட்டீங்க."

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. உடனே கால் நடுங்கி அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரைத் தூக்குவது என்று தெரியாமல் சின்னத்தாய் சிரித்தபடியே அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் ஒருத்தியைக் காரிலும் ஒருத்தரை நாற்காலியிலும் ஏற்றினார்.

எலும்பு விரிசல், ஆறு வாரக் கட்டு. ரவீந்திரன் பெரிய பழக்கூடை ஒன்று அனுப்பினார். மறுநாள் போனில் மிக மரியாதையாகவே பேசினார். ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு மருத்துவ விடுப்பு கிடையாது, தொழிலாளர்களுக்கு அரசாங்கம் தரும் பெர்கேசோ விபத்துக் காப்பும் கிடையாது, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றார். கடைசியில், திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து புது ஆளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, நீலச் சட்டைகளைத் துவைத்துக் கொண்டுவந்து தரும்படி கேட்டுக்கொண்டார்.

விடுப்பு இல்லை என்றதை லீலாவதி தாங்கிக்கொண்டாள். சட்டைகளைத் துவைத்துத் தரச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கட்டுப் போட்ட கையோடு செரண்டாவில் ரயில் ஏறிக் கோலா குபு பாருவுக்குப் போனாள். தொழிலாளர் அலுவலகத்தில் ஓர் அம்மாள், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார். நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? கருவிகள் யாருடையவை? உனக்குப் பதில் நீயே வேறொருவரை அனுப்ப முடியுமா? வருமானத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? லீலாவதி பதில் சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் இறங்கிக்கொண்டு போனது. ஐந்தாறு கேள்விகளுக்குள் அவளுடைய ஃப்ரீலான்ஸ் காற்றில் கரைந்துவிட்டது.

காகிதத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியமில்லை, வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கும் என்று அந்த அம்மாள் விளக்கினார். பிறகு பேனாவை எடுத்து, "நீ விழுந்தது என்ன கிழமை?" என்று கேட்டார்.

"செவ்வாய்."

"சனிக்கிழமை விழுந்திருந்தால் அது உன் சொந்தத் தொழில். செவ்வாய்க்கிழமை நீ தொழிலாளி மாதிரிதான் தெரிகிறது."

வாரத்தில் ஐந்து நாள் ஓர் ஆள், ஒரு நாள் இன்னோர் ஆள். ரயிலில் திரும்பும்போது இதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. எத்தனை கல்யாணங்களில் சொல்லியிருக்கிறாள்.

அலுவலகத்திலிருந்து அழைப்பு போனதும் ரவீந்திரன் சண்டைக்கு நிற்கவில்லை. அதே கேள்விகளுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டதாக ஒப்புக்கொண்டார். மையத்தில் ஃப்ரீலான்ஸ் என்ற பெயரில் ஐந்து பிசியோக்கள். லீலாவதி உட்பட நான்கு பேரை வேலையாட்களாகப் பதிவு செய்தார். லீலாவதியின் விபத்தும் முறைப்படி பெர்கேசோவுக்குப் போனது. ஐந்தாவது ஆள் பவனேஷ் வேண்டாம் என்றான். அவன் மூன்று இடங்களில் வேலை செய்பவன். நேரத்தை அவன்தான் சொல்வான், பிடிக்காத நோயாளியை வேண்டாம் என்பான், கருவிகளும் அவனுடையவை. அவனை விட்டுவிட்டார்கள். "இங்க உண்மையான ஃப்ரீலான்ஸ் நான் ஒருத்தன்தான்க்கா" என்று அவன் லீலாவதியைச் சீண்டினான்.

கையெழுத்துப் போடும் நாளில் அவள் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டாள். "சார், சனிக்கிழமை எனக்கு வேணும். அதுல நீங்க தலையிடக் கூடாது." ரவீந்திரன் யோசித்துச் சொல்வதாக வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே சரி என்றார். அந்த ஒரு நாளுக்கான விபத்துக் காப்பைச் சுயதொழில் திட்டத்தில் அவளே எடுத்துக்கொண்டாள்.

கட்டைப் பிரித்து வேலைக்குத் திரும்பிய மூன்றாம் மாதம், வாழ்க்கையில் முதல்முறையாகச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் "சும்மா" என்று எழுத, மையத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அதைச் "சொந்த அலுவல்" என்று திருத்தினாள். தங்கராஜுவும் லீவு போட்டான். இருவரும் செகிஞ்சானுக்குப் போனார்கள். புதன்கிழமை காலை பத்து மணி. மீன்பிடித்துறைக்குப் பக்கத்துக் கடையில் கூட்டமே இல்லை. பொரித்த மீனும் சூடான தேநீரும் வந்தன. லீலாவதி பழக்கத்தில் இரண்டு முறை கைப்பேசியை எடுத்துப் பட்டியல் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். மூன்றாவது முறை தங்கராஜு அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீனின் நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தான்.