இரண்டு விமானங்களுக்கு நடுவே

என் மகள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் தாய்ப்பால் குடித்திருக்கிறாள். பிறந்த பதினோராம் நாள், தொட்டில் போட்ட அன்று. எவ்வளவு நேரம் குடித்தாள் என்று எனக்குத் தெரியாது. வாய் வைத்தபோது வீட்டுக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. வாயை எடுத்தபோது இன்னொன்று இறங்கியது. அப்போது நாங்கள் சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் குடியிருந்தோம். விமானம் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

எனக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது ஐந்தாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. பிறகு கணவருக்கும் பார்த்தார்கள். அவருக்கும் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன் தாம்பரம் மார்க்கெட்டுக்குக்கூட என்னைத் தனியாக அனுப்பாத வீடு என் வீடு. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் சில ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த மருந்து கொஞ்சம்தான். வலி எடுத்ததும் எனக்கு ஒரு மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்குச் சில சொட்டுகள். அதன் பிறகு பால். மருத்துவமனையில் ஆலோசனை சொன்ன பெண் மூன்று முறை திருப்பிச் சொன்னார்: "பவுடர் பால்னு முடிவு பண்ணிட்டா பவுடர் பால் மட்டும்தான். நடுவுல தாய்ப்பால் குடுக்கவே கூடாது. ரெண்டையும் கலந்தாதான் ஆபத்து ஜாஸ்தி." நான் அதை நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டேன். படிக்கிற காலத்திலிருந்தே நான் கோடு போடுகிறவள்.

உறவினர்களிடம் எனக்குப் பால் சுரக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்பது கணவரின் யோசனை. பத்து நாள் அந்தப் பொய் நன்றாகவே நின்றது. வெந்நீரில் கொதிக்க வைத்த பாலாடைக் கிண்ணத்தில் பவுடர் பாலைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மார்பு கட்டிக்கொண்டு கல் மாதிரி இருந்தது. துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன்.

தொட்டில் போடும் நாளில் கணவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா கூடத்தில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டும். பசி அடங்கிய குழந்தையை அப்பாவின் அக்கா வாங்கித் தொட்டிலில் இட வேண்டும். எனக்குப் பால் இல்லை என்று சொல்லியிருந்ததால், சங்கில் பவுடர் பால் கொடுத்தால் போதும் என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். ஆனால் குழந்தை அழுதாள். பால் ஆறுவதற்குள் வீறிட்டு அழுதாள். அந்த அழுகைக்கு என் உடம்பு பதில் சொல்லிவிட்டது. கட்டியிருந்த துணியையும் மீறி, அரக்குப் பட்டு ஜாக்கெட் இரண்டு பக்கமும் கறுத்து நனைந்தது.

முதலில் பார்த்தவர் என் நாத்தனார்.

"ஏம்மா, பால் வரலைன்னு சொன்னே? இங்க ஜாக்கெட்டே தொப்பலா நனைஞ்சிருக்கு!"

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க, அழகு போயிடும்னு பாக்குறாங்க" என்றாள் ஒருத்தி.

"டிகிரி படிச்சிருக்கில்ல, அதான்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் அப்புறம்... ரூமுக்குப் போய்..." என்றேன்.

"எதுக்கு ரூமு? நாங்க என்ன அந்நியமா? புள்ள தொண்டை கிழியுது, உனக்கு என்ன யோசனை?" நாத்தனார் குழந்தையை என் மடியில் வைத்து, அவரே என் முந்தானையை ஒதுக்கினார்.

நான் கணவரைப் பார்த்தேன். வாசற்படியில் இலைக்கட்டோடு நின்றிருந்தார். அந்தக் கூடத்தில் என்னைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆள். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். டாக்டர் வேண்டாமென்றார், அவளுக்கு ஜுரம், எதையாவது. அவரும் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சீக்கிரம் குடுத்துட்டு வா. எல்லாரும் பசியோட இருக்காங்க."

முதல் விமானம் இறங்கியது.

அதற்குப் பிறகு எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறேன். மயக்கம் வந்ததுபோல் சாய்ந்திருக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தால்தான் என்ன? அத்தனை பேரும் சாப்பிடாமல் எழுந்து போயிருப்பார்கள், அவ்வளவுதானே. அவர்கள் சாப்பிட வேண்டும் என்பதற்காக நான் என் மகளுக்கு அதைக் கொடுத்தேன். இப்படி எழுதினால் எனக்கே நியாயமாகப் படவில்லை. ஆனால் வேறு எப்படி எழுதுவது?

பிறகு பல மதியங்களில், குழந்தை தூங்கும்போது, கைக்கடிகாரத்தோடு மொட்டை மாடிக்குப் போனேன். ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் எத்தனை நிமிடம் என்று பார்த்தேன். ஒரு நாள் நான்கு. ஒரு நாள் பதினொன்று. நான்கு வந்த நாளில் சோறு இறங்கியது.

குழந்தைக்குத் தொற்று உண்டா இல்லையா என்பதைப் பதினெட்டு மாதம் முடிந்தபின்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள். அதற்கு முன் பார்த்தால் அம்மாவின் ரத்தம் காட்டுவதையே குழந்தையின் ரத்தமும் காட்டலாமாம். அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஆலோசனை சொன்ன அதே பெண், "நீங்க படிச்சவங்க, நிதானமாப் பேசுறீங்க" என்று ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் சிபாரிசு செய்தார். எனக்கும் தொற்று உண்டு என்பது அங்கே மேற்பார்வையாளருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தேன்.

அனகாபுத்தூரில் புதன்கிழமை தோறும் ஒரு பால்வாடி அறையில் கூட்டம். வெளியே 'தாய் சேய் நலம்' என்றுதான் போர்டு இருக்கும். உள்ளே வருகிற ஏழெட்டுப் பேருக்கும் தொற்று உண்டு. கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள். அவர்கள் முன்னால் நின்று நான் சொன்னேன்: "பவுடர் பால்னா பவுடர் பால் மட்டும்தான். ரெண்டையும் கலக்கக் கூடாது." குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒரு புதன்கிழமை, வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண் எழுந்தாள். இருபது வயதுகூட இருக்காது. இடுப்பில் மூன்று மாதக் குழந்தை.

"அக்கா, ஒரு தபா குட்த்துட்டா இன்னா ஆவும்க்கா?"

"ஏன், குடுத்தீங்களா?"

"எங்க மாமியா பக்கத்துலயே குந்திக்கினு கீது. புள்ள கத்துது. நான் இன்னா பண்றது? ஒரு தபாதான்க்கா. மெய்யாலுமே ஒரு தபாதான்."

மேற்பார்வையாளர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த பதிலைச் சொன்னேன்: "ஒரு தடவைல வந்துடும்னும் சொல்ல முடியாது. வராதுன்னும் சொல்ல முடியாது. டெஸ்ட் பண்ற வரைக்கும் காத்திருக்கணும். இனிமே குடுக்காதீங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "உனுக்கு இன்னாக்கா, ஈசியா சொல்லிட்ட" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நானும் கொடுத்தேன், ஒரு தடவைதான் கொடுத்தேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. சொன்னால், அவள் ஆறுதல் கேட்பாள். என்னிடம் இல்லாததை எடுத்து எப்படிக் கொடுப்பது? இது அப்போது நான் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் பயமாகவும் இருக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் மேற்பார்வையாளர், "கரெக்டா சொன்னீங்க. எமோஷனல் ஆகாம ஹேண்டில் பண்ணீங்க" என்றார்.

அடுத்த புதன் அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. விலாசம் தேடிப் போனேன். ஆற்றை ஒட்டிய சந்தில் பூட்டிய வீடு. "அவங்க அப்பவே காலி பண்ட்டாங்களே" என்றாள் எதிர்வீட்டுக்காரி, குடத்தை இறக்காமலே. எங்கே என்று தெரியாது. அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கு நான் செய்த ஒரே உதவி, சரியான பதிலைச் சொன்னது.

பதினெட்டு மாதம் முடிந்தது. தாம்பரத்தில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் பஸ்ஸில் போனோம். அவள் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வந்தாள். உறையைப் பிரித்து ஆலோசகர்தான் முதலில் படித்தார். "நெகட்டிவ்மா" என்றார். நான் பெயரைச் சரிபார்த்தேன். வயதைச் சரிபார்த்தேன். சரியான தாள்தானா என்று இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார். "அதான் ஒண்ணும் இல்லையே. இனிமே அந்த நாளப் பத்திப் பேசாத" என்றார். அதற்கு முன்னும் அதைப் பற்றி நான் அவரிடம் பேசியதில்லை.

மகளுக்குக் காது குத்தியபோது நாத்தனார் வந்தார். குழந்தையைத் தூக்கி, தொடையைக் கிள்ளிப் பார்த்து, வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "பவுடர் பால்லயே வளர்த்தா. இருந்தாலும் ஒடம்பு எப்படி இருக்கு பாருங்க! அன்னிக்கு நான் புடிச்சு உக்கார வெச்சு ஒரு வாய் குடுக்க வெச்சேனே, அந்தப் பால்தான் இது." என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, சொல்லேன்?"

கணவர் அன்றும் இலைக்கட்டோடுதான் நின்றிருந்தார்.

"ஆமாங்க அண்ணி" என்றேன்.