மலைச் சிங்கத்தைக் கூப்பிடுகிறவர்கள்

வேட்டைச் சாமான் கடையில் நிற்கிறவனுக்கு, காட்டுக்குள் நிற்கிற மிருகத்தைவிடக் கவுன்டருக்கு முன்னால் நிற்கிற மனிசர்தான் ஆபத்து. கடையில் நின்று சம்பளம் வாங்குகிற உங்கள் எல்லோருக்கும் இது விளங்கும். நீங்கள் சேலை விற்றாலும் சரி, டெலிபோன் விற்றாலும் சரி, கொண்டுபோன சாமான் வேலை செய்யாவிட்டால் திட்டு உங்களுக்குத்தான். எங்கள் கடையில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. சாமான் சரியாக வேலை செய்தாலும் ஆபத்து.

நான் மட்டக்களப்பு ஆள். மொன்றியல் துறைமுகப் பக்கம், கொன்டெய்னர் லொறிகள் திரும்புகிற வீதியில் எங்கள் கடை. துவக்கு, தோட்டாப் பகுதிக்கு வேறு ஆள். என் பகுதி மிருகங்களைக் கூப்பிடுகிற சாமான்: ஊதுகுழல், ஒலிபெருக்கி, வாசனைப் போத்தல், காற்றில் ஆடுகிற இறகு. இங்குள்ளவர்கள் வழமையாக மூஸ் மானைக் கூப்பிடத்தான் வாங்குவார்கள். சிலருக்கு மட்டும் மலைச் சிங்கம் வேண்டும். பெயரில்தான் சிங்கம், ஆள் பிடரிமயிர் இல்லாத பெரிய பூனை. இந்த மாகாணத்தில் அதைச் சுட விடமாட்டார்கள். அனுமதி எடுத்து, வழிகாட்டி பிடித்து, மேற்கே மலைகளுக்குப் போக வேண்டும். போகிறவர்கள் முதலில் என்னிடம் வந்து என் உயிரை எடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

வந்ததும் வராததும்

மார்செல் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவர். குரல் தடித்த மனிசன். அவருக்கு மான்குட்டிக் குழலை விற்றேன். தாயைத் தவறவிட்ட மான்குட்டி கத்துகிற மாதிரி ஒரு கீச்சுக் குரல் அதிலிருந்து வரும். மலைச் சிங்கத்துக்கு அதைவிட நல்ல அழைப்பு இல்லை. ஓநாய் என்றால் சத்தம் கேட்டதும் ஓடி வரும். இது வராது. பூனைச் சாதி அல்லவா, யோசிக்கும், படுக்கும், பிறகு ஓரடி வைக்கும். இடையில் சத்தம் நின்றால் ஆர்வம் போய்விடும். ஆகவே விடாமல் ஊதுங்கள், இறகு ஒன்றை முன்னால் கட்டித் தொங்கவிடுங்கள், அசையாமல் இருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

திரும்பி வந்தவர் குழலைக் கவுன்டரில் எறிந்தார். அரை நாள் ஊதியும் ஒன்றும் வரவில்லையாம். சலித்துப்போய் எழுந்து காருக்கு நடந்தால், அவர் இருந்த இடத்துக்குப் பின்னால், பனியில் ஒரு பெரிய உடம்பு படுத்திருந்த குழி. பனி அந்த இடத்தில் உருகிப் போயிருந்ததாம். அதாவது வந்தது மட்டுமில்லை, நெடுநேரம் படுத்துக் கிடந்து அவருடைய முதுகைப் பார்த்திருக்கிறது. பேச்சை மாற்ற, பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "வேண்டாம், சாமானில் பிழை இல்லை, முன்னால் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் பிழை."

தொப்பி

நிவேதா சென்னைப் பிள்ளை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் வனவிலங்குப் படிப்பு. சுடுவதற்கில்லை, கமராவில் நரியைப் படம் பிடிப்பதற்கு அடிபட்ட முயல் கத்துகிற குழல் வேண்டும் என்று வந்தாள். சின்ன மிருகங்களுக்குத்தானே, இதில் என்ன பயம் என்று நானும் சந்தோசமாக விற்றேன். படித்த பிள்ளை, கடைசிப் பேருந்துக்கு முதல் வேலையை முடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

வளாகத்துக்குப் பின்னாலுள்ள பற்றைக்குள், இருட்டுப்படுகிற நேரம், பழுப்புக் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு குந்தியிருந்து ஊதியிருக்கிறாள். கமராவையே பார்த்துக்கொண்டிருந்தவளின் தலையில் பின்பக்கத்தால் வந்து விழுந்தது ஓர் ஆந்தை. பெரிய கொம்பு ஆந்தை. அது வந்த சத்தமே கேட்கவில்லையாம். முயல் என்று நினைத்துத் தொப்பியைக் கொண்டு போய்விட்டது. தொப்பி தடிப்பில்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நெற்றியில் பிளாஸ்டரோடு வந்து நின்று கேட்டாள்: "அண்ணா, இதை வாங்குறவங்களுக்கு ஒரு ஹெல்மெட்டும் சேர்த்துக் குடுக்க மாட்டீங்களா?"

அழுகிற பிள்ளை

இனி என் வீட்டுக் கதை. என் மனைவி ரதிக்கு ஒரே ஒரு தம்பி, குகன். தாய் தகப்பன் இல்லாமல் ரதிதான் அவனை வளர்த்தாள். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. நாள் முழுக்கத் தக்காளி விலை கூவிக் கூவி அவனுக்கு நெஞ்சு நிறையக் காற்று. ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்தவன் விளையாட்டாக மான்குட்டிக் குழலை எடுத்து ஊதினான். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஊத நான் ஒருத்தரையும் கண்டதில்லை. அதைக் கேள்விப்பட்ட அவனுடைய முதலாளி, வேட்டைப் பைத்தியம், மேற்கே மலைச் சிங்கத்துக்குப் போகும்போது அவனையும் கூட்டிப்போகத் தீர்மானித்தார். முதலாளி துவக்கோடு முன்னால் இருப்பார். குகன் பின்னால் இருந்து ஊதுவான்.

ரதி என்னைப் பிடித்துக்கொண்டாள். "புலி வரட்டுமெண்டு ஆட்டைக் கட்டுற மாதிரி எண்ட தம்பியக் கட்டப் போறாங்க. அவனுக்கு ஒண்டு நடந்திச்செண்டா நான் உங்கட முகத்தில முழிக்க மாட்டன்" என்றாள். அவள் பகிடிக்குச் சொல்கிற ஆள் இல்லை. குகனோ டிக்கட் எடுத்துவிட்டான். தடுக்க முடியாவிட்டால் படிப்பிக்கவாவது வேண்டுமே என்று, பின்னேரங்களில் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டு நிலவறையில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன்.

ஊதத் தொடங்கிய கொஞ்ச நாளில் வாசலில் இரண்டு பொலிஸ். "போன்ஜூர்" சொன்ன முகத்தில் சிரிப்பில்லை. பக்கத்து வீட்டில் கார்தெரி, அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையம், நடத்துகிற பெண், இங்கே ஒரு குழந்தையை அடிக்கிறார்கள் என்று அறிவித்திருக்கிறார். குழந்தையைக் காட்டு என்றார்கள். குழந்தை இல்லை என்றேன். அந்தப் பதில் எவ்வளவு மோசமானது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒருவர் என்னைச் சுவரோடு நிற்கச் சொன்னார். மற்றவர் கீழே இறங்கினார். கீழே குகன் பயத்தில் குழலை வாயில் வைத்து ஊதிக் காட்டினான். மேலே வந்த பொலிஸ் பெரிய மூச்சு விட்டுச் சொன்னார்: "மெர்சி, இதைக் காட்டில் போய் ஊதுங்கள், எனக்கு வீட்டில் இரண்டு மாதக் குழந்தை இருக்கிறது."

பிறகு கதைக்கிறேன்

குகன் போய்விட்டான். மலைக்குள் டெலிபோன் எடுக்காது. வழிகாட்டியிடம் மட்டும் செய்மதிக் கருவி ஒன்று இருந்தது, சின்னச் செய்தி மட்டும் அனுப்பலாம். ஒரு சனிக்கிழமை கடையில் சனம் நிறைந்திருக்க, குகனுடைய முதலாளியின் பெயரில் எனக்கு ஒரு செய்தி வந்தது. குகன் விசயமாக ஒன்று நடந்துவிட்டது, தங்குமிடத்துக்குப் போய்க் கதைக்கிறேன் என்று இருந்தது. அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறானா என்று எழுத அந்த மனிசனுக்கு இரண்டு சொல் கிடைக்கவில்லை. திருப்பிக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

ரதிக்குச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சொன்னதும் மெட்ரோ பிடித்துக் கடைக்கே வந்துவிட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் கவுன்டர் ஓரத்துக் கதிரையில் இருந்து டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து வந்தார் மார்செல். மறுபடி போகப் போகிறாராம், இந்தமுறை மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருப்பாராம், நல்ல குழலாகத் தெரிந்தெடுக்க வேண்டுமாம். ஒவ்வொன்றாக எடுத்து ஊதுகிறார். கீச்சுக் கீச்சென்று மான்குட்டி கத்துகிறது. இப்போது வேண்டாம் என்று கையால் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை, அடுத்ததை எடுத்தார். ரதி எழுந்து வந்து, தமிழ் தெரியாத அந்தப் பெரிய மனிசனின் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்: "நிப்பாட்டுங்க ஐயா, அது எண்ட தம்பி கூப்பிடுற மாதிரியே கேக்குது."

குந்தியிருந்தவன்

கடை பூட்டுகிற நேரம் டெலிபோன் அடித்தது. குகனுடைய குரல். ரதி கேட்டுக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். முழுக் கதையும் அவன் மொன்றியல் திரும்பி எங்கள் குசினி மேசையில் வைத்துத்தான் சொன்னான்.

முதலாளியும் வழிகாட்டியும் முன்னால், பள்ளத்தைப் பார்த்தபடி. குகனைப் பின்னால் ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நம்மாள் கேட்டால்தானே? ஈரக் குளிர் நிலத்தில் இருந்தால் மூல வருத்தம் வரும் என்று ரதி சின்ன வயதிலிருந்து அவன் மூளையில் ஏற்றி வைத்திருக்கிறாள். மரத்தடி முழுக்கப் பனித் தண்ணீர். அதனால் மரத்தை விட்டு விலகி, வெட்டையில், காய்ந்த புல்லில் ஊரில் குந்துகிற மாதிரிக் குந்திக்கொண்டு, தலையைக் குனிந்து ஊதியிருக்கிறான். காற்று, மறைவு, அசைவு எல்லாம் படிப்பித்த நான், நாற்பது வயதுக்காரனுக்கு நிலத்தில் எப்படி இருப்பது என்றும் படிப்பிக்க வேண்டும் என்று கனவா கண்டேன்? மான்குட்டி உயரத்தில், மான்குட்டிக் குரலில், முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம். இதைவிட அந்த மிருகத்துக்கு என்ன வேண்டும்?

ஊத ஊதக் கால் விறைத்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து திரும்பினால், எங்கள் குசினிக் கதவு தூரத்தில் அது. வயிறு நிலத்தில் முட்டப் பதுங்கி, பின்னங்கால்களை ஊன்றி இருந்ததாம். குழல் இன்னும் இவன் வாயில். பயத்தில் மூச்சு வெளியே போக, குழல் தானாகக் கத்தியது. உடனே அதன் காதுகள் முன்னால் வந்தன. குழலைத் துப்பினான். சத்தம் குழம்பியதைக் கேட்டு முதலாளி திரும்பித் துவக்கைத் தூக்கினார், ஆனால் இடையில் நிற்பது குகன். சுட முடியாது. ஓடாதே, பெரிசாகு என்று வழிகாட்டி கத்தினார். குகன் ஜக்கெட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சந்தையில் கூவுகிற குரலில் தக்காளி விலையைக் கூவினானாம். வேறொன்றும் வாயில் வரவில்லை. அது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஓடவில்லை, திரும்பி நடந்து போனது. முதலாளிக்கும் அதற்குப் பிறகு சுட மனம் வரவில்லை.

ரதி கதை முடியும் வரை அவன் கையை விடவில்லை. முடிந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள், பிறகு சோறு போட்டாள். என் முகத்திலும் முழித்தாள். அது உன்னோடு கோபமாக நின்றதா என்று நான் குகனைக் கேட்டேன். பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டு போகாமல் அப்படியே வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "இல்ல அத்தான், கோவமே இல்ல, இது சாப்பாடா இல்லையா எண்டு ஆறுதலா யோசிச்சிட்டு நிண்டது."

மலைச் சிங்கத்தைக் கூப்பிட எங்கள் கடையில் ஒரு சுவர் நிறையச் சாமான் இருக்கிறது, அது வந்து நின்று ஏன் கூப்பிட்டாய் என்று பார்த்தால் என்ன சொல்வது என்றுதான் விற்கிற எனக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.