பூவுக்கு முந்திப் பிறந்தவள்

சகோதரிகளே, உங்கள் எல்லார் வீட்டிலும் இறைவனின் சாந்தி நிறையட்டும். சென்ற டிசம்பரில் நான் எவ்வளவு களைத்துப்போயிருந்தேன் என்பதில் இருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். வேலை செய்து வந்த களைப்பு இல்லை அது. பயந்து பயந்து வந்த களைப்பு.

மூத்தவன் அனஸ் பிறந்தபோது நடந்ததுதான் காரணம். தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வலி வர வரக் கத்தினேன். பிரஷர் எகிறிவிட்டது. ஆம்புலன்சில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஆலங்குளம் தாண்டும்போது கண் இருட்டியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்ததாகப் பிறகுதான் சொன்னார்கள். இறைவன் எங்கள் இருவரையும் காப்பாற்றினான். ஆனால் அந்த ரோடு மட்டும் என்னை விடவில்லை. எங்காவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன்.

இரண்டாவது உண்டானபோது உம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். குற்றாலம் போகும் சாலையில் வீடு. நான் மச்சான் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் ரியாத்தில் இருக்கிறார். ஏழாம் மாதமே பிரஷர் கூடத் தொடங்கியது. டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்துவிட்டு, "பதட்டப்படாதீங்க. மனச அமைதியா வச்சுக்கிடணும். பிரஷர் ஏறிச்சுன்னா திருநெல்வேலிக்குத்தான் அனுப்புவேன்" என்றார். திருநெல்வேலி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாம் பதட்டப்படாதே, பதட்டப்படாதே என்று சொல்லிச் சொல்லியே என்னைப் பதற வைத்தார்கள்.

மச்சான்தான் போனில் ஒரு யோசனை சொன்னார். ஹிப்னோபர்த்திங் என்று ஒரு வகுப்பு, வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் படிக்கலாம், பயமில்லாமல் பிள்ளை பெறப் பழக்குகிறார்கள் என்றார். உம்மா காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

"ஹிப்னாட்டிசமா? மயக்கி வச்சுருவாவளாட்டி? நம்ம மார்க்கத்துல ஆகுமா?"

"மயக்கமெல்லாம் இல்ல உம்மா. மூச்ச மெதுவா விடணும். உடம்பத் தளத்திப் போடணும். நல்ல சொல்லா மனசுல சொல்லிக்கிடணும். அவ்வளவுதான்."

"மூச்சு விடுததுக்கு எதுக்குட்டி கிளாஸு?"

சேர்ந்தேன். சொல்லித்தந்த மேடம் நல்லவர். வலி என்று சொல்லாதீர்கள், அலை என்று சொல்லுங்கள் என்பார். அலை ஏறும், இறங்கும், ஏறும்போது மூச்சை இழுத்து, இறங்கும்போது நீளமாக விட வேண்டும். தாடையைத் தளர்த்துங்கள், தாடை இளகினால் இடுப்பும் இளகும் என்பார். குளிர்காலம் என்பதால் அறையைச் சூடாக வைத்து, விளக்கைக் குறைத்து, போர்த்திக்கொண்டு படுத்து, மனதுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார். தண்ணீர் விழும் இடமாக இருந்தால் நல்லதாம். எனக்குத் தெரிந்த தண்ணீர் குற்றாலம்தான். கண்ணை மூடி அருவியை நினைத்தால் எண்ணெய் தேய்த்த கூட்டமும் போலீஸ் விசிலும்தான் வந்து நின்றன.

உம்மாவும் தன் பங்குக்குச் செய்தாள். விடியலில் மலைக்காற்று இறங்கி ஊரே விறைத்துக் கிடக்கும். எழுந்து வெந்நீர் போட்டு என் காலில் ஊற்றுவாள். நான் தொழுதுவிட்டுப் படுத்து மொபைலில் மேடத்தின் குரலைப் போடுவேன். "ஒரு பூ இதழ் இதழாக விரிகிறது..." என்று அந்தக் குரல் தொடங்கும். எனக்கு ஆலங்குளம் ரோடுதான் நினைவுக்கு வரும். அதற்குள் அனஸ் எழுந்து வந்து கார்ட்டூன் வேண்டும் என்று மொபைலைப் பிடுங்குவான். அமைதியாக இருக்கப் பழகுவதைப் போல ஆளைக் களைக்க வைக்கும் வேலை வேறு கிடையாது, சகோதரிகளே.

ஒருநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகையில் உடைந்துபோனேன். குனிய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதேன். கையை ஏந்தியதும் அழுகைதான் வந்தது. "யா அல்லாஹ், என்னால் இதற்குமேல் முடியவில்லை. அமைதியாக இருக்க எனக்குத் தெரியவில்லை. நீயே தந்துவிடு. அந்த ரோட்டில் மறுபடி என்னைப் போக வைக்காதே." அவ்வளவுதான் கேட்டேன். அழகான துஆ ஒன்றும் இல்லை. கையை இறக்கியபோது எதுவும் மாறியிருக்கவும் இல்லை. இடுப்புதான் வலித்தது.

அந்த வாரம் ஊருக்கு வந்த ஒருவரிடம் மச்சான் மர்யம் பூ கொடுத்துவிட்டார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது பாலைவனத்துச் செடி. காய்ந்து, மூடிய கைபோலச் சுருண்டிருக்கும். தண்ணீரில் போட்டால் மெல்ல விரியும். பிரசவ நேரத்தில் ஊறப்போடுவது நம் பெண்களிடம் உள்ள வழக்கம். பூ விரிய விரியப் பேறு லேசாகும் என்பார்கள். பூவுக்குச் சக்தி இல்லை, எல்லாம் அவன் கையில் என்று எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும். ஆனாலும் தூரத்தில் இருக்கிற மனிதர், அவரால் முடிந்தது அது. "உடையாம இருக்க நூல் சுத்தியிருக்கேன், பாத்து எடுக்கச் சொல்லு" என்று போனில் சொன்னார். நானும் உம்மாவிடம் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் வலி கண்டது. அலை என்று சொல்ல வாய் வரவில்லை, வலி என்றுதான் வந்தது. அனஸைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, காரை வரவழைத்து ஏறினோம். உம்மா அவசரத்தில் தன் மூக்குக்கண்ணாடியை மறந்தாள். பூவை மறக்கவில்லை. தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றிப் பூவைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். ஐயப்பசாமிகள் சீசன். குற்றாலத்தில் குளித்துவிட்டு மலைக்குப் போகும் வேன்கள் சாலையை அடைத்து நின்றன. ஒரு சாமி இறங்கி, வண்டிகளை ஒதுக்கி, எங்களை விட்டார். அவர் நன்றாக இருக்கட்டும். கார் குலுங்கும்போதெல்லாம் அந்தக் குளிர்ந்த தண்ணீர் என் மேல் தெறித்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பார்த்தார். உடனே டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார். எனக்குப் புரிந்துவிட்டது. மூச்சு ஏறியது, இறங்க மறந்தது. மேடத்தின் குரலைப் போடலாம் என்றால் மொபைல் அனஸோடு பக்கத்து வீட்டில் இருந்தது. டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் பாப்போம். இறங்கலன்னா அனுப்பிருவோம்" என்றார். இவ்வளவு பழகியும் அதே ரோடுதானா என்று மனது விட்டுப்போனது.

பக்கத்தில் உம்மா தூக்குவாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தேம்பினாள்.

"விரிய மாட்டேங்குதேட்டி. எம்புட்டு நேரமாச்சு. ஒரு இதழ் அசையலியே. என் பிள்ளைக்கு என்ன ஆவப்போவுதோ..."

என்னைவிடப் பயந்துபோயிருந்தாள். பாவமாக இருந்தது. என் பயத்தை அப்படியே விட்டுவிட்டு, "உம்மா, இங்கன வா. கையக் குடு. என்கூட மூச்சு விடு" என்றேன். மூச்சு விட வகுப்பு எதற்கு என்று கேட்டவள், நான் சொன்னபடி இழுத்தாள், நீளமாக விட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து விட்டோம். அவளைத் தேற்றத்தான் தூக்குவாளியைச் சாய்த்துப் பூவைப் பார்த்தேன்.

"உம்மா, நூல அவுக்கலியா?"

பூவின் நிறத்திலேயே நூல். சுற்றிச் சுற்றி, மச்சான் இறுக்கிக் கட்டியபடியே இருந்தது. கண்ணாடி இல்லாத உம்மா கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏ அல்லா! கட்டிப் போட்டுட்டு விரி விரின்னா அது எங்கன விரியும்?"

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்து, "பிரசவத்துக்கு வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா?" என்று அதட்டினார். சிரித்து முடித்தபோது என் தாடை தளர்ந்திருந்தது, தோள் இறங்கியிருந்தது. இத்தனை நாள் படித்தும் வராதது வந்திருந்தது. அடுத்த வலி வந்தது. ஏறியது, இறங்கியது. அலைதான் அது.

மறுபடி பிரஷர் பார்த்தார்கள். இறங்கியிருந்தது. "இங்கயே பாத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை நாள் கையேந்தினேன் என்று அவருக்குத் தெரியாது.

நடுப்பகல் ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் மகள் பிறந்தாள். நான் கத்தவில்லை. உம்மா நூலை அவிழ்த்துப் போட்டிருந்த பூ அப்போது பாதிதான் விரிந்திருந்தது. பிள்ளை முந்திவிட்டாள்.

இப்போதும் எனக்குக் களைப்புதான். சின்னவள் தூங்க விடுவதில்லை, பெரியவன் உட்கார விடுவதில்லை. ஆனால் போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிக்குப் போனோம். ஆலங்குளம் வந்ததையே நான் கவனிக்கவில்லை. மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சகோதரிகளே, மாத்திரையைப் போடுங்கள், டாக்டரிடம் போங்கள், மூச்சுப் பயிற்சியும் செய்யுங்கள். கூடவே அவனிடம் கேளுங்கள். சொல் அழகாக வராவிட்டால் பரவாயில்லை, களைத்துப்போய்க் கேட்டாலும் அவன் கேட்கிறான். பதில் இந்த வழியாகத்தான் வரவேண்டும் என்று மட்டும் நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். நான் அமைதியைக் கேட்டேன். அவன் அதை என் உம்மா மறந்த கண்ணாடியில் வைத்துத் தந்தான். எல்லாப் புகழும் அவனுக்கே.