ஹாலுக்கு வந்த இரண்டாவது திரை

எங்கள் கம்பெனி மென்பொருளின் வேலை இவ்வளவுதான்: எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தபடி பிரவுசருக்குள் திறந்து பயன்படுத்தலாம். ஆனால் அங்கே இரண்டு மானிட்டர் இருந்தாலும் இங்கே முதலாவது மட்டும்தான் தெரியும். சென்னையில் இருக்கும் என் மேனேஜருக்கு இந்தக் குறை ரொம்ப வசதி. எங்களில் யாராவது அவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால், நாங்கள் பார்க்கக் கூடாததை எல்லாம் இரண்டாவது மானிட்டருக்குத் தள்ளிவிடுவார். விருந்தாளி வந்தால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிற மாதிரி.

வாடிக்கையாளர்கள் நச்சரித்ததால் அந்தக் குறையைச் சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது. தலையில் வைத்ததும் மேனேஜர்தான். நான் பாண்டிச்சேரி கருவடிக்குப்பத்தில் அம்மாவோடு இருந்துகொண்டு வேலை செய்கிறவன். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களைச் சென்னைக்கு இழுக்கப் போகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு. அம்மா இந்தத் தெருவை விட்டு வரமாட்டாள். அவளைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை, பயமாகவும் இருந்தது. இதை ஒழுங்காக முடித்தால் என்னை விட்டுவைப்பார்கள் என்று நம்பினேன்.

சோதித்துப் பார்க்க என்னிடம் இரண்டாவது மானிட்டர் இல்லை. நீளமான கேபிள் ஒன்றை அறையிலிருந்து இழுத்து ஹால் டிவியில் சொருகினேன். பிரவுசர் லேசில் மசியவில்லை. இரண்டாவது திரைக்குத் தனியாக ஒரு விண்டோ திறந்து டிவிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முதலில் படம் போனது, மவுஸ் அம்பு போகவில்லை. அம்பு போனபோது, இடது ஓரத்தில் சொடுக்கினால் வலது ஓரத்தில் எதுவோ திறந்தது.

“இன்னும் எத்தினி நாளைக்குடா என் டிவில உன் ஆபீஸ் நடக்கும்?” என்றாள் அம்மா.

ஒருவழியாக முடித்து, மேனேஜரிடம் காட்ட நாள் குறித்தேன். அவர் அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளினார். அன்றைக்கென்று எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்கள் கூடி ஜெபமாலை சொல்வார்கள். அம்மா டிவியைப் போர்வை போட்டு மூடினாள்.

வந்தவர்களில் மூத்தவரைத் தெருவே ‘தாந்த்’ என்று கூப்பிடும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அத்தைக்கு அந்த பாஷையில் அதுதான் பெயர். ஞாயிறுதோறும் கோவிலில் பைபிள் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். எழுத்து என்று எதைக் கண்டாலும் அவரால் உரக்க வாசிக்காமல் இருக்க முடியாது. மருந்து அட்டையைக்கூட அதே குரலில்தான் வாசிப்பார்.

நான் என் அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு, மேனேஜரோடு பேசியபடி அவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்தேன். ஹாலில் போர்வைக்குள் வெளிச்சம் தெரியவும் தாந்த் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“மோன் தியே, என் கடவுளே, டிவி ஓடுதே” என்றார்.

பழக்கம் யாரை விட்டது. நான் நுழைந்ததுமே மேனேஜர், முதலாளியோடு நடத்திக்கொண்டிருந்த சாட் விண்டோவை வழக்கம்போல இரண்டாவது மானிட்டருக்குத் தள்ளிவிட்டு, தைரியமாக மேற்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். ஆங்கில எழுத்தில் தமிழ். அவர் தட்டத் தட்ட, தாந்த் வாசித்தார்.

“பாண்டிச்சேரி பையன அடுத்த மாசம் சென்னைக்கு வரச் சொல்லிடறேன் சார். வீட்ல உக்காந்து ஒண்ணும் கிழிக்கறதில்ல.”

நிறுத்தி நிதானமாக, ஞாயிற்றுக்கிழமைக் குரலில். வாசகம் முடிந்தால் என்ன சொல்வார்களோ அதைப் பெண்கள் யோசிக்காமலே சேர்ந்து சொன்னார்கள்.

“இறைவா உமக்கு நன்றி.”

அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. போனை மியூட் செய்யும் பொத்தான் என் விரலுக்கு அடியில்தான் இருந்தது. நான் அதை அமுக்கவில்லை.

போனில் மேனேஜரின் குரல் மெதுவாக வந்தது. “தம்பி, ரெண்டாவது ஸ்கிரீனும் வருதா?”

“நல்லா வருது சார். ஹால்ல இருக்கறவங்க படிக்கற அளவுக்குத் தெளிவா இருக்கு. மவுஸும் போவுது பாருங்க.”

கதவு வழியாக டிவியைப் பார்த்துக்கொண்டே அம்பை நகர்த்தி, ‘ஒண்ணும் கிழிக்கறதில்ல’ மேல் நிறுத்தி, லேசாக ஒரு வட்டம் போட்டேன். அதுவரை அவர் அந்த வரியை அனுப்பியிருக்கவில்லை. எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. கொஞ்சம் பொறுத்துப் புது வரி வந்தது. தாந்த் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“பாண்டிச்சேரி பையன் அங்கயே இருக்கட்டும் சார். வேலைய நல்லா முடிச்சுட்டான்.”

“இறைவா உமக்கு நன்றி.” இந்த முறை அம்மாவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

மறுநாளே மேனேஜர் எனக்கு அடுத்த வேலையைக் கொடுத்தார். எந்த மானிட்டரைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று மென்பொருள் முன்கூட்டியே கேட்க வேண்டுமாம். அதையும் கருவடிக்குப்பத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன், அம்மா டிவி பார்க்காத நேரமாகப் பார்த்து.