நுரை போகாத நெப்பி

லதீசன் துறைமுகத்தில் கப்பல் கட்டும் ஆள். கப்பலைச் செய்கிற ஆள் அல்ல. கரைக்கு வரும் கப்பலின் வடத்தை வள்ளத்தில் இழுத்துவந்து, மேடையில் நிற்கும் இரும்புக் குற்றியில் மாட்டிக் கட்டுகிற ஆள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் ஈர வடத்தை அவன் தனியே தோளில் போட்டுக்கொண்டு நடப்பான் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்பது அவனுக்கும் பிடிக்கும்.

ஒருநாள் வடம் இறுகும்போது கையை எடுக்கப் பிந்திவிட்டது. வலது தோள்மூட்டு விலகி, உள்ளே தசையும் கிழிந்தது. ஆஸ்பத்திரியில் மூட்டைப் பொருத்திவிட்டு, ஒரு வருடமாவது பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். அப்போது மகள் கைக்குழந்தை. மனைவி துஷாந்தி நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். பிரசவ லீவு முடிந்து, எப்போது வருகிறாய் என்று அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இருவரும் குசினியில் இருந்து கதைத்தார்கள். கதைக்க அதிகம் இருக்கவில்லை. அவள் வேலைக்குப் போவது, அவன் பிள்ளையைப் பார்ப்பது என்று முடிவானது.

பிள்ளையைப் பார்ப்பதில் அவனுக்கு வெட்கம் இருக்கவில்லை. இடது தோளில் சாய்த்துக்கொண்டு அன்புவழிபுரத்து ஒழுங்கைகளில் நடப்பான். ஆட்கள் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "அப்பாவின்ரை மூக்கு" என்பார்கள். பால் கரைக்க, தூங்கவைக்க, கஞ்சி தீத்த எல்லாம் பழகிக்கொண்டான். பிள்ளைக்கு இடுப்பில் கட்டும் நெப்பியைத் தோய்ப்பதுதான் அவனைக் குறுகச்செய்தது.

கடையில் விற்கும் பம்பர்ஸ் விலையேறிய பிறகு, வெளியே போகும்போது மட்டும்தான் அதைக் கட்டினார்கள். வீட்டில் துணி நெப்பி. நாலு வீட்டுக்கும் பொதுவான கிணறு ஒழுங்கையின் ஓரத்தில் இருந்தது. மோட்டர் பூட்டிக் குழாயும் வைத்திருந்தார்கள். சீமெந்துக் கட்டும் தோய்க்கிற கல்லும் இருந்தன. பக்கத்தில் துணி காயப்போட, நாள் முழுக்க வெயில் விழும் கொடி. துஷாந்தி வீட்டில் இருந்த காலத்தில் அங்கேதான் தோய்த்தாள். ஆனால் துறைமுகத்தில் இருந்து சிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் அந்த ஒழுங்கையால்தான் போவார்கள். அவர்கள் பார்க்கத் தான் குந்தியிருந்து மஞ்சள் கறை பிடித்த துணியைத் தேய்ப்பதை நினைத்தாலே லதீசனுக்குக் காது சுட்டது.

அதனால் அவன் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தோய்த்தான். அங்கே ஒரு பீப்பாய்த் தண்ணீர்தான். குளிக்கவும் அதுதான், கக்கூசுக்கும் அதுதான். ஒரு வாளியில் ஊறப்போட்டுக் கசக்குவான். இன்னொரு வாளியில் ஒருமுறை அமிழ்த்தி எடுப்பான். வலது கையால் முறுக்கிப் பிழிய ஏலாது. இடது கையால் நெரித்துவிட்டு, பின்னறையில் கட்டிய கயிற்றில் மின்விசிறிக்குக் கீழே போடுவான். வெயில் படாத துணி மணக்கத் தொடங்கியது. மணம் போகட்டும் என்று சவுக்காரத்தூளைக் கூட்டினான். அதுவும் போதாமல் வாசத்துக்கென்று கடையில் விற்கும் நீலத் திரவத்தையும் ஊற்றினான். துஷாந்தி வேலையால் வந்து பின்னறைக்குள் எட்டிப் பார்த்து, "பூ வாசம் வருது" என்றாள். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு பிள்ளைக்குத் தொடையிடுக்கு சிவந்தது. முதலில் வெக்கை என்று நினைத்தார்கள். சிவப்பு இடுப்பைச் சுற்றி ஏறித் தடித்து, சில இடங்களில் தோல் உரிந்தது. நெப்பி கட்டும்போதே பிள்ளை கால்களை உதைத்து அழும். தேங்காயெண்ணெய் பூசினார்கள், களிம்பு பூசினார்கள். பக்கத்து வீட்டு நல்லம்மா வந்து பார்த்துவிட்டு, "தாய் சாப்பிடுற சாப்பாடு பாலில போகும், இறாலையும் நண்டையும் விடு பிள்ளை" என்று துஷாந்தியிடம் சொன்னார். துஷாந்தி இறாலை விட்டாள், நண்டை விட்டாள், பிறகு மீனையே விட்டாள். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து, பருப்பையும் சோற்றையும் பிசைந்து சாப்பிட்டாள்.

அந்த நாட்களில்தான் ஒரு காலைவேளை லதீசனின் கையில் இருந்து காய்ந்த நெப்பி ஒன்று தவறி, தண்ணீர் இருந்த வாளிக்குள் விழுந்தது. எடுத்துப் பிழிந்தான். விரல்களுக்கு இடையால் வெள்ளையாக நுரை வந்தது. இன்னொருமுறை அமிழ்த்திப் பிழிந்தான். அப்போதும் வந்தது. தோய்த்துக் காய்ந்த துணி அது. அவன் அந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளையின் தோலைச் சிவக்கவைப்பது இதுதான் என்று விளங்காமல் இல்லை. கிணற்றடிக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீர் விட்டு அலசினால் போகும் என்பதும் தெரிந்தது. வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று அதைத் திரும்பவும் கயிற்றில் போட்டான்.

அன்று மாலையும் துஷாந்தி பருப்புச் சோறு சாப்பிட்டாள். அவன் எதிரே கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளினிக் நாள் வந்தபோது துஷாந்திக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுடைய தமக்கை தவமலர் முதல்நாள் பின்னேரம்தான் கடலோரச் சல்லிக் கிராமத்தில் இருந்து பிள்ளையைப் பார்க்க வந்திருந்தாள். நாற்பது கடந்தவள். கணவனோடு கருவாடு போட்டு விற்கிறவள். மூன்று முறை வயிற்றில் தங்கி மூன்றும் நிலைக்கவில்லை. தங்கையின் பிள்ளையை அவள் தூக்கும் விதத்தில் ஒரு பயபக்தி இருக்கும். "நானும் வாறன் லதீசன், உங்களுக்குக் கை ஏலாதுதானே" என்று கூட வந்தாள்.

கிளினிக்கில் நல்ல கூட்டம். மர வாங்கில் தம்பிராசா தன் மனைவியோடும் பிள்ளையோடும் இருந்தான். லதீசனோடு ஒரே வள்ளத்தில் வடம் இழுத்தவன். "என்னடா, தோள் எப்பிடி?" என்று கேட்டுத் தள்ளியிருந்து இடம் கொடுத்தான். வேறு இரண்டு துறைமுகக் குடும்பங்களும் இருந்தன.

மிட்வைஃப் பிள்ளையைத் தராசில் நிறுத்துவிட்டு உடுப்பைக் கழற்றியதும் முகம் மாறினார். தொட்டுப் பார்த்தார். கட்டியிருந்த பம்பர்ஸைப் பார்த்தார். "வீட்டிலயும் இதுதானோ கட்டுறது?"

"இல்லை மிஸ், துணி நெப்பி" என்றான் லதீசன்.

"கொண்டுவந்தனீங்களா?"

தவமலர் பையில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மிட்வைஃப் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தடிப்பாக, அட்டைபோல இருந்தது. கை கழுவும் பேசினில் தண்ணீர் பிடித்து, அதற்குள் நெப்பியைப் போட்டுக் கையால் கலக்கினார். நுரை பொங்கி விளிம்பு வரை வந்தது. வாங்கில் இருந்த பெண்கள் எழும்பி எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா? இது முழுக்கச் சவுக்காரம். பிள்ளை மூத்திரம் பெய்ய இது கரைஞ்சு தோலைத் தின்னுது. போதாததுக்கு வாசத் தண்ணியும் விட்டிருக்கு. அது விட்டால் துணி ஈரத்தை உறிஞ்சாது." அவர் பேசினில் இருந்து கையை எடுத்து உதறினார். "ஆர் தோய்க்கிறது?"

அந்த ஒரு கணத்தில் லதீசன் மிட்வைஃபைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. தம்பிராசாவைத்தான் பார்த்தான். தம்பிராசா கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்காதான் மிஸ்" என்றான் லதீசன். "அவதான் தோய்க்கிறவ."

வாயில் இருந்து எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் வந்துவிட்டது.

தவமலர் திரும்பி அவனை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குப் பின்னாட்களில் அது உதவியாக இருந்திருக்கும். அவள், தான் கேட்டது சரிதானா என்று பார்ப்பவள்போலப் பார்த்தாள். பிறகு மிட்வைஃபின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் பிள்ளை வளத்தனீங்களா?" என்று மிட்வைஃப் கேட்டார்.

"இல்லை மிஸ்."

"அதுதான். தெரியாட்டில் தெரிஞ்ச ஆக்களைக் கேக்க வேணும். பச்சைப் பிள்ளையின்ரை தோலிலயா பழகிப் பாக்கிறது?"

யாரோ ஒருத்தி "ச்சூ" கொட்டினாள். அது பிள்ளைக்காகவா, தவமலருக்காகவா என்று தெரியவில்லை. மிட்வைஃப் சொல்லச் சொல்லத் தவமலர் தலையாட்டினாள். தூள் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். இருக்கிற நெப்பி எல்லாவற்றையும் தூளே போடாமல் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தோய்க்க வேண்டும். தண்ணீர் மாற்றி மாற்றி, நுரை வராமல் போகும் வரைக்கும் அலச வேண்டும். வெயிலில் காயப்போட வேண்டும்.

"இனிக் கவனமா இருக்கிறன் மிஸ்" என்றாள் தவமலர். அவள் குரல் தெளிவாக இருந்தது. லதீசன் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஓட்டோவில் வரும்போது அவள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள், அணைத்துப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றான். அதைவிட வேறு சொல் கிடைக்கவில்லை.

"பசிக்கேல்லை. துஷாவுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன். சொல்லுறதும் விடுறதும் உங்கடை விருப்பம்."

"அக்கா, அங்க தம்பிராசா இருந்தவன்... எனக்கு..."

"ஓம், பாத்தனான்" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பிள்ளை தூங்கியதும் லதீசன் பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்தான். எல்லா நெப்பிகளையும் ஊறப்போட்டான். பீப்பாய்த் தண்ணீர் இரண்டு அலசலுக்கே முடிந்துவிட்டது. நுரை அப்படியே இருந்தது. வாளியை இடது கையில் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். நல்ல மத்தியான வெயில். குழாயைத் திறந்துவிட்டுக் குந்தினான். அலச அலச நுரை வந்துகொண்டே இருந்தது. சீமெந்துக் கட்டில் ஓடி, வாய்க்காலால் ஒழுங்கை வரைக்கும் போனது. இத்தனையையும் பிள்ளையின் உடம்பில் கட்டியிருந்தோம் என்று நினைத்தபடி குழாயை இன்னும் திறந்துவிட்டான்.

சிஃப்ட் முடிந்து வந்தவர்கள் பார்த்தார்கள். அவர்களில் ஒருவனான கிண்ணியா முனாப் சைக்கிளை நிறுத்தி, "என்ன மச்சான், சமுத்திரத்தையே நுரைக்க வைச்சிட்டாய்" என்று சிரித்தான். இன்னொருவன் "நெப்பிக் கப்டன்" என்றான். அந்தப் பெயர் சில வாரங்கள் ஒட்டிக்கொண்டது. லதீசன் பயந்த பெயர் அதுதான். வந்தபோது அதில் ஒன்றுமே இருக்கவில்லை. இதற்காகவா அக்காவைக் கொண்டுபோய் அந்தப் பேசினுக்கு முன்னால் நிறுத்தினேன் என்பது மட்டும் மீதமாக இருந்தது.

துஷாந்தி வேலையால் வந்து உடுப்பு மாற்றும் முன்னரே சொல்லிவிட்டான். நுரையை முன்பே கண்டதையும் சொன்னான். அவள் கட்டில் ஓரத்தில் இருந்து கேட்டாள்.

"தெரிஞ்சுகொண்டா நான் சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?"

"ஓம்."

அவள் அதைக்கூட விட்டுவிட்டாள். "பிள்ளை வளத்தனீங்களா எண்டு அக்காவைக் கேட்டவவோ? அதுவும் அத்தனை பேருக்கு முன்னால?" என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அவன் ஓம் என்றான். அதன்பிறகு பல நாட்கள் பிள்ளையைப் பற்றிய கதையைத் தவிர அவனோடு வேறு கதை வைக்கவில்லை.

பிள்ளையின் தோல் கெதியாக ஆறியது. முதலில் உரிந்த இடங்கள் காய்ந்தன. பிறகு சிவப்பு வெளுத்தது. அது ஆற ஆற, அவனுக்குச் சந்தோஷத்தோடு கூடவே ஒரு குமைச்சலும் வந்தது. இவ்வளவு சுலபமான வேலை.

அடுத்த கிளினிக்குக்கு அவனே பிள்ளையைக் கொண்டுபோனான். தன் முறை வந்ததும், வாங்கில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, "மிஸ், போனமுறை நான் பொய் சொன்னனான். நெப்பி தோய்ச்சது நான். அக்காவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றான்.

மிட்வைஃப் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி நிமிர்ந்தார். "எந்த அக்கா?"

அவன் சொல்லிப் பார்த்தான். அவருக்கு நெப்பி நினைவிருந்தது, நுரை நினைவிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் நினைவில்லை. "சரி, இப்ப நல்லா இருக்குதானே" என்று பிள்ளையின் தொடையைத் தட்டினார். வாங்கைத் திரும்பிப் பார்த்தான். தம்பிராசா இல்லை, அன்றைக்கு இருந்த ஒருவரும் இல்லை. முன்பின் தெரியாத பெண்கள் அவனை விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து பிள்ளையோடு நேரே பஸ் பிடித்துச் சல்லிக்குப் போனான். தவமலர் முற்றத்தில் பாயில் பரப்பிய சூடைமீன் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே, கிளினிக்கில் சொல்லிவிட்டு வந்ததைச் சொன்னான். மன்னிக்கச் சொல்லியும் கேட்டான். அவள் கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"நீங்கள் தோய்க்கிறதை ஆக்கள் பாக்கிறது வெக்கம். எனக்கு அது விளங்கும், லதீசன். நான்தான் எண்டு நீங்கள் சொன்னதையும் பொறுப்பன். ஆனா பிள்ளை வளத்தனீங்களா எண்டு அவ கேட்ட பிறகாவது, இல்லை மிஸ் எண்டு நீங்கள் வாயைத் திறந்திருக்கலாம். நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

அவன் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டான்.

அவள் எழும்பிக் கையைக் கழுவி, சவுக்காரம் போட்டு மீண்டும் கழுவி, நல்ல தண்ணீரில் நெடுநேரம் அலசினாள். வந்து பிள்ளையின் சட்டையை விலக்கிப் பார்த்தாள். "ஆறியிருக்கு" என்றாள். தூக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

இப்போது தவமலர் பழையபடி வந்துபோகிறாள். துஷாந்தியோடு சிரித்துக் கதைக்கிறாள், லதீசனோடும் கதைக்கிறாள். பிள்ளையைத் தூக்கவும் செய்கிறாள். நெப்பி நனைந்துவிட்டால் மட்டும், ஒரு சொல்லும் சொல்லாமல் பிள்ளையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கிவிடுகிறாள். அவன் வாங்கி, தலை குனிந்து, மாற்றுகிறான்.